இரண்டு பங்காளி, ஒரு மாமா, எண்பது கிரகம்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் யாராவது எனக்குப் போன் செய்தால், என் மனைவி எடுத்து ஒரே பதிலைத்தான் சொல்வாள். "அவர் கிரகம் பிடிக்கப் போயிருக்கார்."

கேட்கிறவர்களுக்குப் பாவமாக இருக்கும் போலிருக்கிறது. "சனிப் பெயர்ச்சி வந்தா சரியாயிடும்மா, கவலைப்படாதே" என்று ஆறுதல் சொல்லி வைத்துவிடுகிறார்கள். ஒரு பெரியவர் திருநள்ளாறுக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்கிற விவரமே கொடுத்துவிட்டார்.

என்னை எந்தக் கிரகமும் பிடிக்கவில்லை ஐயா. நான்தான் கிரகங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சென்னையில் நான், பெங்களூரில் என் தம்பி, திருச்சியில் எங்கள் அக்கா வீட்டுக்காரர். மூன்று பேரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு விண்வெளி யுத்தம் நடத்துகிறோம். முப்பத்தாறு வயசில் இதென்ன கண்றாவி என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பகல் முழுக்க ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டை முறைத்துப் பார்ப்பதை மட்டும் ஏன் யாருமே கண்றாவி என்று சொல்வதில்லை?

விளையாட்டின் பெயர் 'ஏ.ஐ. வார்: ஃப்ளீட் கமாண்ட்'. 2009-ல் வந்தது. ஆர்சன் கேம்ஸ் என்கிற சின்ன அமெரிக்க கம்பெனியின் சரக்கு. அதை உருவாக்கிய கிறிஸ் பார்க், தன் அப்பாவோடும் அங்கிளோடும் சேர்ந்து கம்ப்யூட்டரில் யுத்த விளையாட்டு ஆடுகிறவர். (அங்கிள் என்றால் சித்தப்பாவா, பெரியப்பாவா, தாய்மாமாவா என்று என்னைக் கேட்காதீர்கள். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான். சொத்துத் தகராறு வந்தால் எப்படித்தான் சமாளிக்கிறார்களோ!) மூன்று பேரும் ஒரு கட்சி, கம்ப்யூட்டர் எதிர்க்கட்சி. கொஞ்ச நாளில் கம்ப்யூட்டரின் புத்தி தெரிந்துபோய் அலுப்புத் தட்டிவிட்டது. சரி, நமக்கு வேண்டிய எதிரியை நாமே செய்துகொள்வோம் என்று செய்துவிட்டார். இதன் அடுத்த பாகம் 2019-ல் வந்தது. நாங்கள் ஆடுவது பழசைத்தான். என் லாப்டாப் அதைத்தான் தாங்கும்.

மற்ற விளையாட்டுகளில் நீங்களும் எதிரியும் ஒரே கோட்டிலிருந்து ஓட ஆரம்பிப்பீர்கள். இதில் அந்த நியாயமெல்லாம் கிடையாது. யுத்தம் ஏற்கெனவே முடிந்துவிட்டது, மனித குலம் தோற்றுவிட்டது. அங்கேதான் ஆட்டமே ஆரம்பம். வழக்கமாக எண்பது கிரகங்கள். அதில் உங்களுக்கு ஆளுக்கு ஒன்று. பாக்கி அத்தனையும் இரண்டு ராட்சச எதிரிகள் கையில். கிரகத்துக்குக் கிரகம் போக 'வார்ம்ஹோல்' என்று குறுக்குச் சந்துகள் உண்டு. ஒவ்வொரு சந்து முனையிலும் அவர்கள் காவல்.

அப்படியானால் முதல் நிமிஷத்திலேயே நம்மை நசுக்கிவிட மாட்டார்களா? மாட்டார்கள். அங்கேதான் சூட்சுமம். எதிரி உங்களைப் பொருட்படுத்துவதே இல்லை. மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஃபைல் பார்க்கிற மானேஜரைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் சத்தமில்லாமல் டீ குடித்துவிட்டு வரலாம். நாற்காலியை 'க்ரீச்' என்று இழுத்தால் தொலைந்தீர்கள்.

இந்த 'க்ரீச்'சுக்கு விளையாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது. 'ஏ.ஐ. ப்ராக்ரஸ்' என்று பெயர். ஆரம்பத்தில் 10. எதிரியின் கிரகத்தில் தலைமை நிலையத்தை உடைத்தால் 20 ஏறும். அவன் படை வந்து குதிக்கிற 'வார்ப் கேட்' ஒன்றை உடைத்தால் 5. எண் ஏற ஏற அவன் அனுப்பும் படை பெருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அவன் கப்பல்களே ஒரு படி உயர்ந்த ரகமாக வரும். சில கிரகங்களில் 'டேட்டா சென்டர்' என்று ஒன்று இருக்கும். அதை உடைத்தால் 20 இறங்கும். ஆனால் இஷ்டத்துக்கு இறக்கிக்கொண்டே போக முடியாது. ஒரு அளவோடு நின்றுவிடும்.

பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்ததும் என்ன தோன்றும்? பற்று, வரவு! கிரகம் சொத்து, அதை வாங்கிய கடன் எதிரியின் கோபம். எண்பது கிரகத்தையும் வீரமாகப் பிடிக்கிறேன் என்று கிளம்பினால், பாதி வழியில் ஜப்தி ஆபீஸர் ஆயிரம் கப்பலோடு வாசலில் நிற்பார்.

தனியாக ஆடினால் இந்தக் கணக்கு உங்கள் சொந்தக் கணக்கு. கூட்டாக ஆடும்போதுதான் விபரீதம். கப்பல் அவரவருக்குத் தனி, சொந்த ஊர் தனி. ஆனால் அந்த எண் மட்டும் எல்லாருக்கும் பொது. தம்பி பிடித்தாலும் ஏறும், நான் பிடித்தாலும் ஏறும். உதை மட்டும் யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது.

காலேஜில் 1932-ம் வருஷத்து இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். அதன் 25-வது பிரிவு: ஃபர்ம் பெயரில் செய்த காரியத்துக்கு ஒவ்வொரு பங்காளியும் கூட்டாகவும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதினேன். புரிந்தது விண்வெளியில்தான்.

பொய். அதற்கு முன்னாலேயே ஒரு தடவை புரிந்திருக்க வேண்டும்.

2017-ல் நானும் தம்பியும் சேர்ந்து திருச்சியில் ஒரு காலேஜ் பக்கத்தில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை போட்டோம். ஜூன் மாதம் சீஸன் பிய்த்துக்கொண்டு போகும் என்று நான் கணக்குப் போட்டு, ஒன்றரை லட்ச ரூபாய்க்கு நோட்டும் ரெக்கார்ட் புக்கும் கடனில் எடுத்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. 'சொன்னா பயப்படுவான், வித்துட்டுச் சொல்லிக்கலாம்' என்று ஒரு பெருந்தன்மை. அந்த வருஷம் காலேஜே உள்ளுக்குள் ஒரு கடையைத் திறந்துவிட்டது. கடன்காரர் வந்து நின்றபோது கடையில் இருந்தது தம்பிதான். 2019-ல் ஷட்டரை இறக்கினோம். பாதிக் கடனை அவன் அடைத்தான், ஒரு வார்த்தை பேசாமல். பிறகு பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் தீபாவளி, பொங்கலுக்கு அம்மா போனைப் பிடுங்கிக் கொடுத்தால் "நல்லாருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான் சம்பாஷணை.

2020 லாக்டவுன் சமயத்தில் மாமா ஒரு நாள் போன் செய்தார். "மாப்ளே, என் பையன் கம்ப்யூட்டர்ல ஏதோ விளையாட்டுப் போட்டுக் குடுத்துருக்கான். மூணு பேர் சேர்ந்து ஆடலாமாம். எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. நீங்க ரெண்டு பேரும் வாங்க." மில்லில் ஸ்டோர் கீப்பர் அவர். நட்டு போல்ட்டை எண்ணி எடுத்துக் கொடுக்கிற மனுஷர். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

முதல் ஆட்டம் மூன்றே வாரத்தில் தோற்றோம். (இந்த விளையாட்டில் ஒரு ஆட்டம் முடிய பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சர்வ சாதாரணம். ஸேவ் செய்து வைத்து வாராவாரம் தொடரலாம்.) மூன்று பேரும் மூன்று திசையில் படையெடுத்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

இரண்டாவது ஆட்டத்தில் கொஞ்சம் புத்தி வந்தது. நான்கு கிரகம் பிடித்தோம். 10-ல் இருந்து 90. இரண்டு டேட்டா சென்டரை உடைத்தோம், 50. லெட்ஜர் என் கையில். பெருமை தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வர லேட். மாமா சாப்பிடப் போயிருந்தார். எதிரே மூன்று கிரகம், காவல் ரொம்ப சொற்பம். கை நமநமவென்றது. 'பிடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்.'

மூன்று தலைமை நிலையம், 60. மூன்று வார்ப் கேட், 15. மொத்தம் 125.

இந்த விளையாட்டில் எதிரி படை அனுப்பும்போது எச்சரிக்கை வரும். இத்தனை கப்பல், இன்ன கிரகத்துக்கு, இத்தனை நிமிஷத்தில் என்று திரையில் ஓடும். அலை என்பார்கள். தம்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அலை அறிவிப்பு வந்தது. நான் பிடித்த புதுக் கிரகங்களுக்கு இல்லை. தம்பியின் தாய்க் கிரகத்துக்கு. இதுவரை நாங்கள் பார்த்ததைவிடப் பெரிய கூட்டம், பெரிய ரகம்.

அவன் எண்ணைப் பார்த்தான். "நூத்தி இருபத்தஞ்சா? யாருண்ணே பிடிச்சது?"

"நான்தான்டா. சும்மா கிடந்தது, எடுத்தேன். சொல்லலாம்னுதான்..."

ஹெட்போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "கடையிலயும் இதேதான் பண்ணே."

மூன்று வருஷத்தில் அவன் கடையைப் பற்றி வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மாமாதான் பேசினார். "அதை அப்புறம் பேசிக்கலாம் மாப்ளே. முதல்ல அலை வருது, அதைப் பாருங்க."

பார்த்தோம். ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் கிரகம் போயிற்று. ஒரு மணி நேரத்தில் ஆட்டமும் போயிற்று. அன்றைக்குத் தம்பி குட்நைட் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான். மாமா ஒரு நோட்டில் சட்டதிட்டம் எழுதி வைத்திருந்தார். ஸ்டோர் கீப்பர் அல்லவா! முதல் சட்டம்: எதை எடுப்பதானாலும் 'எடுக்கலாமா?' என்று கேட்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் 'எடுக்கலாம்' என்று சொன்னால்தான் எடுக்கலாம். ஸ்டோரில் இண்டென்ட் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட வெளியே போகாது.

இந்த விளையாட்டை ஆடப்போகிறவர்களுக்கும், ஆடாமல் ஆபீஸில் இதே நிலைமையில் இருப்பவர்களுக்கும் அந்த நோட்டிலிருந்து சில பக்கங்கள்:

ஒன்று. முதலில் பார், பிறகு ஆசைப்படு. ஒற்றர் கப்பல்களை அனுப்பி, எந்தக் கிரகத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். புது ரகக் கப்பல் கிடைக்கிற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதா? எடுக்கலாம். சும்மா வெறும் கிரகமா? இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அது இலவசம் இல்லை, 20.

இரண்டு. வாசலைக் குறை. எதிரியின் அலை, நம் கிரகத்தை ஒட்டியுள்ள வார்ப் கேட் வழியாகத்தான் வரும். சுற்றியுள்ள கேட்களை உடைத்து ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தால், எல்லாப் படையும் அந்த ஒரு வழியாகத்தான் வந்தாக வேண்டும். உடைக்க ஒன்றுக்கு 5 வீதம் செலவு. ஆனால் பத்து வாசலுக்குப் பத்து வாட்ச்மேன் போடுவதைவிட லாபம்.

மூன்று. கூட்டம் எல்லா இடத்திலும் பலமில்லை. சில கிரகங்களில் 'ஏ.ஐ. ஐ' என்று ஒரு கண் இருக்கும். அங்கே இருக்கும் எதிரிக் கப்பல்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நாம் போய் நின்றால், அது விழித்துக்கொண்டு புதுக் கப்பல்களாகப் பெற்றுத் தள்ளும். மூன்று பேரும் வீராவேசமாகச் சேர்ந்து போனால் மூன்று பேரும் காலி. அங்கே ஒருத்தர் மட்டும், எண்ணிக்கையில் குறைந்த, ஆனால் கனமான கப்பல்களோடு போக வேண்டும். மற்ற இரண்டு பேரும் வெளியே சந்து முனையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சேர்ந்து வேலை செய்வதில் பெரிய கஷ்டமே இந்தக் கை கட்டி நிற்பதுதான்.

நான்கு. ஆளுக்கு ஒரு வேலை. ஃபைட்டர், பாம்பரை அடிக்கும். பாம்பர், மிஸைல் ஃப்ரிகேட்டை அடிக்கும். ஃப்ரிகேட், ஃபைட்டரை அடிக்கும். சின்ன வயசில் ஆடிய கல்-காகிதம்-கத்திரிதான். கோட்டை மாதிரி பெரிய கட்டடங்களை இடிக்க பாம்பர்தான் வேண்டும். ஆனால் எதிரியின் ஃபைட்டர் வந்தால் அது செத்தது. ஆகவே தம்பியின் பாம்பர் இடிக்கப் போகும். மாமாவின் ஃப்ரிகேட் அதற்குக் குடை பிடிக்கும். என் ஃபைட்டர், பின்னால் வரும் எதிரியின் பாம்பரைக் கவனிக்கும். தம்பியின் ஸ்கோர் ஏறும். நாங்கள் இரண்டு பேரும் எலெக்ட்ரீஷியன்கள், மேடையில் அவன் ஹீரோ. சம்மதமானால் கோட்டை விழும்.

ஐந்து. சந்தேகம் வந்தால் நிறுத்து. இந்த விளையாட்டில் எல்லாருக்குமாக 'பாஸ்' போட்டு நிறுத்தி, ஆற அமரப் பேசி, நிறுத்தின நிலையிலேயே உத்தரவு கொடுக்கலாம். குடும்பத்தில் இப்படி ஒரு பட்டன் இல்லாதது பெரிய குறை.

நோட்டில் இல்லாத ஒரு சட்டமும் உண்டு. அதை மாமா எழுதவில்லை, செய்தார். மூன்றாவது ஆட்டம் முழுக்க அவர் ஒரு கிரகத்தைக்கூடத் தாக்கவில்லை. அந்த ஒரே வாசலில் பீரங்கிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வருகிற அலைகளை வாராவாரம் வாங்கிக்கொண்டிருந்தார். முதல் ஆட்டத்தில் அவரை 'வாட்ச்மேன் மாமா' என்று கிண்டல் செய்திருக்கிறோம். ஒரு தடவை கேட்டேன், "போரடிக்கலையா மாமா?"

"இருபத்தஞ்சு வருஷமா கவுண்டருக்குள்ள நிக்கறேன் மாப்ளே. வெளியில மெஷின் ஓடுதுன்னா உள்ளே ஒருத்தன் நிக்கறான்னு அர்த்தம்."

மூன்றாவது ஆட்டம் ஐந்து மாதம் போயிற்று. எத்தனையோ தடவை 'எடுக்கலாமா?' என்று கேட்டு, 'வேண்டாம்ணே' என்று பதில் வாங்கி, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழகிவிட்டது. ஒரு தடவை, "எடுக்கலாமா? உனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் தாமதம். "எடுண்ணே" என்றான். நான் எடுத்த முதல் நியாயமான கிரகம் அது.

கடைசிக் கட்டம் இதில்தான் இருக்கிறது. இரண்டு எதிரிகளின் தலைமையகத்தையும் உடைத்தால் வெற்றி. ஆனால் முதலாவதை உடைத்ததும் அந்த எண் ஒரேயடியாக 100 ஏறும். ஒன்றை முடித்துவிட்டு, டீ குடித்துவிட்டு, அடுத்ததைப் பார்க்கலாம் என்றால் மிஞ்ச மாட்டோம். இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும். தம்பி ஒன்று, நான் ஒன்று, வாசலில் மாமா.

என் பக்கம் சீக்கிரம் முடிகிற மாதிரி இருந்தது. கடைசிக் காப்பு வளையம் விழுந்து, தலைமையகம் பொட்டலமாக எதிரே நிற்கிறது. இன்னும் நாலு அடி. தம்பி பக்கம் இழுபறி. பழைய நானாக இருந்தால் போட்டு முடித்து, "நான் முடிச்சுட்டேன்டா, நீ என்ன பண்றே?" என்று கேட்டிருப்பேன். நூறும் அவன் தலையில் ஏறியிருக்கும்.

"தம்பி, என்னுது ரெடி. அடிக்கலாமா?"

"இருண்ணே. ஒரு அஞ்சு நிமிஷம்."

இருந்தேன். அந்த ஐந்து நிமிஷமும் என் கப்பல்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. கத்தியை ஓங்கியபடி கையை அப்படியே வைத்திருக்கிற மாதிரி. மாமா வாசலில் ஒரு பெரிய அலையை எண்ணிக்கொண்டிருந்தார். "முன்னூறு பாக்கி... இருநூத்தி நாப்பது பாக்கி..." ஸ்டாக் எடுக்கிறார்!

"இப்போ அடிண்ணே!"

அடித்தேன். அவனும் அடித்தான். இரண்டும் அரை நிமிஷ இடைவெளியில் போயிற்று. மணி ஒன்று பத்து. மாமா, "சரி, காலையில ஷிப்ட் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனை விட்டுப் போய்விட்டார். ஒன்பது மாதமாக எதற்காக இந்த மனுஷர் ராத்திரி கண் முழித்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தம்பி போகவில்லை. லைனில் அவன் வீட்டு ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கடை விஷயம்... நான் உன்கிட்ட கேட்டிருக்கணும்டா" என்றேன். ஒன்றரை லட்ச ரூபாயில் அவன் கட்டின பாதிக்கு வட்டியோடு கணக்கும் போட்டு வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே பேசினான்.

"விடுண்ணே. ஓசூர்ல ஒரு சின்ன ப்ளாட் பாத்து வெச்சிருக்கேன். பத்திரம் எல்லாம் அனுப்பறேன், நீ ஒரு தடவை படிச்சுப் பாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "எடுக்கலாமா?"

அவன் பணம். அவன் வீடு. என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு சத்தம் போடாமல் போய்ப் படுத்தேன். மனைவி பாதித் தூக்கத்தில் கேட்டாள். "என்ன, கிரகம் பிடிச்சாச்சா?"

"இல்லை. ஒண்ணு விட்டுது" என்றேன்.